உயரம் குறைந்தவருக்கு ஃப்ரேம் மட்டும் சிறிதானால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலைப்பாதைச் சைக்கிள் வாங்க விரும்புவோருக்கு யோசனை சொல்லும் கட்டுரைகள் நாளிதழ்களில் வருவது மகிழ்ச்சிதான். ஆனால் அவற்றில் உயரம் பற்றிய பகுதி பெரும்பாலும் ஓர் அட்டவணையோடு முடிந்துவிடுகிறது: இத்தனை செ.மீ. உயரத்துக்கு இன்ன அளவு ஃப்ரேம். 170 செ.மீ. உயரமுள்ளவருக்கு அந்த அட்டவணை ஓரளவு உதவும். 145 முதல் 160 செ.மீ. வரை உள்ளவர்களுக்கு, அதாவது பெரும்பாலான பெண்களுக்கும், வளரும் பிள்ளைகளுக்கும், கணிசமான ஆண்களுக்கும், அது போதாது. தயாரிப்பாளர்கள் ஃப்ரேமைச் சிறிதாக்கிவிட்டு, அதில் மாட்டும் கிராங்க் (பெடலைத் தாங்கும் கை), ஹேண்டில்பார், பிரேக் லீவர், சஸ்பென்ஷன், கியர் ஆகியவற்றைப் பெரிய அளவுகளில் இருப்பது போலவே விட்டுவிடுகிறார்கள். சட்டையின் நீளத்தைக் குறைத்துவிட்டுக் கையை அப்படியே விட்ட தையல் போன்றது இது. வாங்கியவர் முட்டி வலிக்கிறது, கை மரத்துப்போகிறது, இறக்கத்தில் பயமாக இருக்கிறது என்கிறார். பழக்கம் போதவில்லை என்று பதில் வருகிறது. குறை பழக்கத்தில் இல்லை, சைக்கிளில் இருக்கிறது. எங்கே பார்ப்பது, எதை மாற்றுவது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

முதலில் அளக்க வேண்டியது மொத்த உயரத்தை அல்ல, காலின் உள்ளளவை. செருப்பில்லாமல், முதுகு சுவரில் ஒட்ட, பாதங்களுக்கிடையே ஒரு சாண் அளவுக்கு இடைவெளி விட்டு நிற்க வேண்டும். கெட்டி அட்டை போட்ட புத்தகத்தின் முதுகு மேலே வரும்படி தொடைகளுக்கு நடுவே வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுந்துமோ அந்த அளவுக்கு மேலே இழுக்க வேண்டும். புத்தகத்தின் ஒரு விளிம்பு சுவரோடு படிந்திருந்தால் சாயாது. அதன் மேல் விளிம்பிலிருந்து தரைவரை இன்னொருவர் அளக்கட்டும். தானே குனிந்து அளந்தால் அளவு தவறும். 155 செ.மீ. உயரமுள்ள இருவரில் ஒருவருக்கு உள்ளளவு 68 செ.மீ., மற்றவருக்கு 73 செ.மீ. என்று இருப்பது சாதாரணம். முதலாமவருக்கு உடல் நீளம், கால் குட்டை. தாழ்ந்த ஃப்ரேமும் சற்று நீண்ட கையெட்டும் வேண்டும். இரண்டாமவருக்கு அதற்கு நேர்மாறு. அட்டவணையோ இருவருக்கும் ஒரே சைக்கிளைக் காட்டும்.

இந்த அளவோடு முதலில் ஒப்பிட வேண்டியது ஸ்டாண்ட்ஓவர், அதாவது சைக்கிளின் குறுக்குக் குழாயைக் கால்களுக்கிடையே விட்டு நிற்கும்போது அந்தக் குழாய் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பது. சமதளத்தில் ஓட்டும் சைக்கிளில் இரண்டு மூன்று செ.மீ. இடைவெளி போதும். மலைப்பாதையில் நின்ற இடத்தில் தரை சமமாக இருக்காது. ஒரு கால் பள்ளத்தில் இறங்கும். குறைந்தது 5 செ.மீ. இடைவெளி இல்லாத சைக்கிளை ஒதுக்கிவிடலாம். இங்கே இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, இந்த அளவைக் குழாயின் எந்த இடத்தில் எடுப்பது என்பதில் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபாடு உண்டு. சரிந்து இறங்கும் குழாயில் நான்கு விரற்கடை முன்னே நகர்ந்தாலே அளவு மாறிவிடும். ஆகவே சீட்டின் மூக்குக்குச் சற்று முன்னால், நாம் உண்மையில் நிற்கும் இடத்தில் டேப் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு, ஸ்மால் என்றும் மீடியம் என்றும் பெயர் மட்டும் மாறி, ஸ்டாண்ட்ஓவர் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும் மாடல்கள் உண்டு. சக்கரமும் அதைப் பிடித்திருக்கும் முன் கவையான ஃபோர்க்கும் ஒரே உயரமாக இருக்கும்போது முன்பக்கத்தைத் தாழ்த்த வழியில்லை என்பதே காரணம்.

அடுத்தது ரீச். கிராங்க் அச்சின் மையத்திலிருந்து செங்குத்தாக ஒரு கோடு போட்டு, அங்கிருந்து ஹெட் டியூபின், அதாவது ஃபோர்க்கின் தண்டு நுழையும் முன்குழாயின், மேல் மையம் வரை உள்ள கிடைத்தூரம் அது. அதே இரு புள்ளிகளுக்கிடையே உள்ள செங்குத்து உயரம் ஸ்டாக். நின்றுகொண்டு இறங்கும்போது கை எவ்வளவு நீள வேண்டும் என்பதை ரீச் சொல்லும். உட்கார்ந்து மிதிக்கும்போது எவ்வளவு நீள வேண்டும் என்பதை அது சொல்லாது. அதற்கு டாப் டியூபின், அதாவது குறுக்குக் குழாயின், கிடைநீளம் வேண்டும். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் புதிய மாடல்களின் ரீச் எண்ணைப் பார்த்து இது நமக்கு நீளம் என்று விலகிவிடுகிறார்கள். ஒரு கணக்கு சொல்கிறேன். ரீச் 410 மி.மீ., ஸ்டாக் 590 மி.மீ. உள்ள ஃப்ரேமில் சீட் டியூப் (சீட் கம்பி நுழையும் குழாய்) கோணம் 73 டிகிரி என்றால் டாப் டியூபின் கிடைநீளம் சுமார் 590 மி.மீ. வரும். அதே ரீச், அதே ஸ்டாக், கோணம் மட்டும் 76 டிகிரி என்றால் சுமார் 557 மி.மீ. தான். 33 மி.மீ. குறைகிறது. செங்குத்தாக நிமிர்ந்த சீட் டியூப் உயரம் குறைந்தவருக்கு நல்லது. ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்குவதையும் அது குறைக்கும்.

ஒரு நுணுக்கமும் உண்டு. அட்டவணையில் அச்சாகும் சீட் டியூப் கோணம் ஸ்டாக் உயரத்தில் கணக்கிட்டது. பல ஃப்ரேம்களில் குழாயின் உண்மைச் சாய்வு அதைவிட அதிகம். உயரமானவர் சீட்டை அந்த உயரத்துக்கும் மேலே ஏற்றுவதால் பின்னுக்குப் போய்விடுகிறார். குட்டையானவர் சீட்டை அதற்குக் கீழே வைப்பதால் அச்சிட்டதைவிட முன்னால் உட்காருகிறார். எனவே கடையில் உட்கார்ந்து பார்க்காமல் எண்ணை மட்டும் வைத்து டாப் டியூப் நீளம் என்று முடிவு கட்டக் கூடாது.

ஸ்டாக் பற்றி யாரும் பேசுவதில்லை. 29 அங்குலச் சக்கரம் வந்தபின் உயரம் குறைந்தவரை அதிகம் வாட்டுவது அதுதான். கிராங்க் அச்சு தரையிலிருந்து 325 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 70 செ.மீ. உள்ளளவு உள்ளவருக்கு, உள்ளளவை 0.883 ஆல் பெருக்கும் பழைய சூத்திரப்படி, அச்சிலிருந்து சீட்டின் மேல்வரை சுமார் 620 மி.மீ. சீட் டியூப் சாய்ந்திருப்பதைக் கணக்கில் எடுத்தால், சீட் தரையிலிருந்து ஏறத்தாழ 92 செ.மீ. அதே சைக்கிளில் ஸ்டாக் 600, ஸ்டெம்முக்குக் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் துண்டு) கீழே போடும் வளையங்களான ஸ்பேசர் 20, மேல்நோக்கி வளைந்த ஹேண்டில்பார் 30 என்றால், கைப்பிடி 97 செ.மீ.க்கும் மேலே போய்விடும். சீட்டைவிடக் கைப்பிடி 5 செ.மீ. உயரம். தட்டையான சாலையில் இது சுகமாகத் தெரியும். செங்குத்து ஏற்றத்தில் முன்சக்கரம் தரையை விடும், வளைவில் முன் டயர் வழுக்கும். சரிசெய்யும் வழி எளிது, செலவும் குறைவு. ஸ்டெம்முக்குக் கீழே உள்ள ஸ்பேசர்களை ஒவ்வொன்றாக எடுத்து மேலே மாட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். அது போதாவிட்டால் வளைந்த ஹேண்டில்பாருக்குப் பதில் நேரான ஹேண்டில்பார். அதுவும் போதாவிட்டால் கீழ்நோக்கிச் சரியும் ஸ்டெம். திருப்தியாக ஓட்டிய பிறகே ஃபோர்க்கின் தண்டை வெட்டுவது பற்றி யோசிக்க வேண்டும். வெட்டியது திரும்ப வளராது. ஸ்பேசரை மாற்றியபின் மேல்மூடியை இறுக்கி ஆட்டம் போக்கிவிட்டு, அப்புறம்தான் ஸ்டெம்மின் பக்க போல்ட்டுகளை இறுக்க வேண்டும். வரிசை மாறினால் ஹெட்செட் ஆடும். இறுக்கும் அளவு ஸ்டெம்மிலேயே அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டரை ஒட்டி.

இப்போது சீட் டியூப். பழைய நாட்களில் இதன் நீளத்தைத்தான் ஃப்ரேமின் அளவு என்று சொன்னார்கள். இன்று அதன் வேலை வேறு: எவ்வளவு நீளமான டிராப்பர் போஸ்ட் மாட்ட முடியும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. ஹேண்டில்பாரில் உள்ள லீவரை அழுத்தினால் சீட் கீழே இறங்கும் அந்தக் கம்பி, உயரம் குறைந்தவருக்கு மற்றவரைவிட இரட்டிப்பு அவசியம். இறக்கத்தில் உடலைப் பின்னுக்குக் கொண்டுபோக இடம் தருகிறது என்பது எல்லோருக்கும் பொதுவான பயன். குட்டையானவருக்கு இன்னொன்றும் உண்டு: 92 செ.மீ. உயரத்தில் இருக்கும் சீட்டில் உட்கார்ந்தபடி 70 செ.மீ. கால் தரையைத் தொடாது, 15 செ.மீ. இறக்கினால் பெருவிரல் எட்டிவிடும். நிற்கவும் கிளம்பவும் இருந்த பயம் அத்தோடு போய்விடும்.

எந்த நீளம் பொருந்தும் என்பதை வாங்கும் முன்பே கணக்குப் போடலாம். கிராங்க் அச்சிலிருந்து சீட்டின் மேல்வரை 620 மி.மீ. சீட்டின் தடிமனுக்கு, அதாவது மேற்பரப்பிலிருந்து அடியில் உள்ள கம்பி வரை, சுமார் 45 மி.மீ. கழித்தால் 575. சீட் டியூப் 380 மி.மீ. என்றால் மிச்சம் 195. டிராப்பர் முழுதாக எழுந்து நிற்கும்போது அதன் கழுத்திலிருந்து சீட் கம்பிவரை உள்ள உயரம் இந்த 195க்குள் அடங்க வேண்டும். 125 மி.மீ. டிராப்பருக்கு அது 170 முதல் 175 வரை இருக்கும், தாராளமாகப் பொருந்தும். 150 மி.மீ. டிராப்பருக்கு 195 முதல் 205 வரை. மாடலைப் பொறுத்து இழுபறி. சீட் டியூப் 420 என்றால் மிச்சம் 155 தான், 100 மி.மீ. டிராப்பரோடு திருப்திப்பட வேண்டியிருக்கும். ஆகவே சிறிய ஃப்ரேம்களில் சீட் டியூப் 380 அல்லது அதற்குக் கீழே உள்ளதையே தேடுங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. உள்ளே இறங்கும் ஆழத்தையும் பார்க்க வேண்டும். பின்பக்கமும் அமுங்கும் முழு சஸ்பென்ஷன் ஃப்ரேம்களில் சீட் டியூப் நடுவில் வளைந்தோ, சுழலும் மூட்டான பிவட் குறுக்கிட்டோ இருக்கும். பழைய சீட் போஸ்ட்டை எடுத்துவிட்டு ஒரு குச்சியை உள்ளே விட்டுத் தடுக்கும் இடம்வரை அளந்தால், புது டிராப்பரின் கீழ்ப்பகுதி அடங்குமா என்பது தெரிந்துவிடும். குழாயின் உள் விட்டத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்; 30.9, 31.6 இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், ஒன்றில் மற்றது பொருந்தாது.

சக்கரம் பற்றி நீண்ட சண்டை உண்டு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஆண்கள் பந்தயத்தில் யாரோஸ்லவ் குல்ஹாவி 29 அங்குலச் சக்கரத்தில் தங்கம் வென்றார், 27.5 அங்குலத்தில் ஓட்டிய நினோ ஷூர்ட்டர் ஒரே ஒரு விநாடி பின்னால் வந்து வெள்ளி பெற்றார். எது வேகம் என்ற கேள்விக்கு அந்த விநாடியை வைத்து யாரும் முடிவுகட்ட முடியாது. உயரம் குறைந்தவருக்குக் கேள்வியே வேறு: இடம் இருக்கிறதா? 29 அங்குல ரிம்மின் விட்டம் 622 மி.மீ., 27.5க்கு 584, 26க்கு 559. 29க்கும் 27.5க்கும் ஆரத்தில் 19 மி.மீ. வித்தியாசம். முன்னால் அது ஸ்டாக்கை ஏற்றுகிறது. பின்னால், செங்குத்து இறக்கத்தில் உடலைப் பின்னே சாய்க்கும்போது டயர் உடலில் உரசுகிறது. முழு சஸ்பென்ஷன் சைக்கிளில் சஸ்பென்ஷன் முழுவதும் அமுங்கும்போது டயர் சீட்டிலேயே இடிக்கும் அபாயமும் உண்டு. இதைக் கடையிலேயே சோதிக்கலாம்: பின் ஷாக்கில் உள்ள அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு காற்றை முழுவதும் இறக்கி, சீட்டைக் கடைசிவரை தாழ்த்தி, சைக்கிளைக் கீழே அழுத்த வேண்டும். டயருக்கும் சீட்டுக்கும் நடுவே இரண்டு விரல் புகவில்லை என்றால் அந்த டிராப்பர் நீளம் அந்த ஃப்ரேமுக்கு ஆகாது.

முன்னால் 29, பின்னால் 27.5 என்ற கலப்பு அமைப்பு இதற்கு நல்ல தீர்வு. சர்வதேச சைக்கிள் சங்கம் 2019இல் பந்தயங்களிலும் இதை அனுமதித்தபின் பல தயாரிப்பாளர்கள் சிறிய அளவுகளை இப்படியே செய்கிறார்கள். யோசனை புதிதல்ல. ஜார்ஜீனா டெர்ரி என்ற அமெரிக்கப் பொறியாளர் 1985இல் உயரம் குறைந்த பெண்களுக்கென்றே சாலை சைக்கிள்கள் செய்யத் தொடங்கியபோது, முன்சக்கரத்தைச் சிறிதாக்கித்தான் ஃப்ரேமுக்கு இடம் பிடித்தார். ஆனால் 29க்கென்று வடிவமைத்த ஃப்ரேமில் தானாகப் பின்சக்கரத்தை மட்டும் மாற்றுவது வேறு விஷயம். கிராங்க் அச்சு சுமார் 12 மி.மீ. தாழும், ஹெட் டியூபும் சீட் டியூபும் ஏறத்தாழ ஒரு டிகிரி பின்னே சாயும். பெடல் கல்லில் இடிக்கத் தொடங்கும், ஏற்றம் கடினமாகும். ஃப்ரேமில் திருப்பி மாட்டிக் கோணத்தை மாற்றும் சிறு துண்டு (சிப்) இருந்தாலன்றி இதில் இறங்க வேண்டாம். இரண்டு சக்கரத்தையும் 27.5 ஆக்கினால் கோணம் மாறாது, ஆனால் சைக்கிள் முழுவதும் 19 மி.மீ. வரை இறங்கிவிடும், தடித்த டயர் அதில் கொஞ்சத்தைத்தான் மீட்கும்.

147 செ.மீ.க்குக் கீழே உள்ளவர்கள், எடையும் குறைவாக இருந்தால், நல்ல தயாரிப்பாளரின் 26 அங்குல இளையோர் சைக்கிளைத் தயங்காமல் பார்க்கலாம். அதில் கிராங்க் 152 மி.மீ. அளவில், லீவர் சிறிதாக, ஃபோர்க் எடை குறைந்தவருக்கென்று இருக்கும். ஃப்ரேமும் ஃபோர்க்கும் தாங்கும் எடை வரம்பை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். பெண்களுக்கானது என்று பெயரிட்டவற்றில் சிலதில் ஃப்ரேம் உண்மையிலேயே வேறு; சிலதில் சீட்டும் நிறமும் மட்டும் வேறு. அளவுகளை ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஃப்ரேமைப் பற்றி இவ்வளவு. ஏற்கெனவே சைக்கிள் வைத்திருப்பவர் முதலில் மாற்ற வேண்டியது என்ன என்று கேட்டால், என் பதில் கிராங்க். எக்ஸ்.எஸ். ஃப்ரேமில்கூட 170 மி.மீ. கிராங்க் வருவது வெகு சாதாரணம். உள்ளளவு 82 செ.மீ. உள்ளவருக்கு 170 என்பது காலில் ஏறத்தாழ 21 சதவீதம். அதே விகிதத்தில் 70 செ.மீ. காலுக்கு வர வேண்டியது 145. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 155 அல்லது 160 போதும். என்ன நடக்கிறது என்று பாருங்கள். 170லிருந்து 155க்கு மாறினால் பெடல் கீழே இருக்கும் நிலையில் 15 மி.மீ. மேலே வருகிறது; அதற்கேற்பச் சீட்டை 15 மி.மீ. ஏற்றுகிறோம். பெடல் மேலே இருக்கும் நிலையில் அது 15 மி.மீ. தாழ்கிறது. ஆக, முட்டி மடங்கும் இடத்தில் 30 மி.மீ. கூடுதல் இடம். இடுப்பும் முட்டியும் அளவுக்கு மீறி மடங்குவது நின்றுவிடும். முட்டியின் முன்பக்கத்தில் வலி என்று சீட்டை ஏற்றி இறக்கி அலுத்தவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே தீர்வாகும் சந்தர்ப்பங்கள் நிறைய. பெடல் கல்லில் இடிப்பதும் குறையும். சீட் 15 மி.மீ. ஏறியதால் முன்னே சொன்ன டிராப்பர் கணக்கில் 195 என்பது 210 ஆகிறது. இழுபறியாக இருந்த 150 மி.மீ. டிராப்பர் இப்போது பொருந்திவிடும்.

இதற்கு ஒரு விலை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். நெம்புகோல் குறுகுவதால் அதே கியரில் காலுக்கு அழுத்தம் கூடும். 170க்குப் பதில் 160 என்றால் சுமார் 6 சதவீதம், 155 என்றால் சுமார் 10 சதவீதம். ஆகவே கிராங்கோடு அதிலுள்ள பல்சக்கரமான செயின்ரிங்கையும் சிறிதாக்க வேண்டும்: 32 பல் இருந்த இடத்தில் 160க்கு 30, 155க்கு 28 அல்லது 30. இரண்டு பல் குறைவதற்குப் பெரும்பாலும் செயினை வெட்ட வேண்டியதில்லை. நான்கு பல் குறைந்தால் சிறிய கியரில் செயின் தொய்கிறதா என்று பார்த்து ஒரு ஜோடி இணைப்பை எடுக்கலாம். வாங்கும் முன் அச்சின் வகையைத் தெரிந்துகொள்வது முக்கியம். சதுரத் தண்டு, 24 மி.மீ. தண்டு, 28.99 மி.மீ. தண்டு என்று பல வகை. ஒன்றின் கிராங்க் மற்றதில் ஏறாது. செயின்ரிங்கின் உள்தள்ளலும் பழையதைப் போலவே இருக்க வேண்டும், இல்லையென்றால் செயின் கோடு கோணி பெரிய பல்சக்கரத்தில் கரகரக்கும். பெடல் கழற்றும்போது இடப்பக்கப் பெடலின் மறை எதிர்த்திசை என்பதை மறந்து கிராங்கைப் பாழாக்குபவர் உண்டு. மாட்டும்போது மறையில் கிரீஸ் தடவ வேண்டும்.

சீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் ஊன்ற வேண்டும் என்று சீட்டை இறக்கி வைப்பதுதான் உயரம் குறைந்தவர்களிடம் காணும் மிகப் பரவலான பிழை. குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் தாழ்ந்த நிலையில் கால் நேராக நீண்டால் உயரம் சரி. பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். இரண்டாவது பிழை, கை எட்டவில்லை என்று சீட்டை முன்னே தள்ளுவது. சீட்டின் முன்பின் நிலை பெடலுக்காக. கையெட்டை ஸ்டெம்மிலும் ஹேண்டில்பாரிலும்தான் சரிசெய்ய வேண்டும். பழைய மாடல்களில் 80, 90 மி.மீ. ஸ்டெம் இருக்கும், 50 அல்லது 35க்கு மாற்றினால் கை உடனே தளரும்.

ஹேண்டில்பார் இன்று 760 முதல் 800 மி.மீ. வரை அகலமாக வருகிறது. தோள் குறுகியவருக்கு அதில் முழங்கை நேராக விறைத்துப்போகும்; அதிர்ச்சியெல்லாம் தோளுக்கும் கழுத்துக்கும் ஏறும், வளைவில் வெளிக்கை எட்டாது. 700க்கும் 740க்கும் இடையே பெரும்பாலோருக்குச் சரியாக வரும். வெட்டும் முன் கிரிப், லீவர் எல்லாவற்றையும் தளர்த்தி ஒவ்வொரு பக்கமும் 10 மி.மீ. உள்ளே தள்ளி ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் கிரிப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனை மரக்கிளையில் மாட்டும்; ஆகவே இந்தச் சோதனை திறந்த இடத்தில் மட்டும். அலுமினியத்தைக் குழாய் வெட்டியால் வெட்டலாம். கார்பனை அப்படி வெட்டக் கூடாது. டேப் சுற்றி, நுண்பல் ரம்பத்தால் மெல்ல அறுத்து, முனையை மணல்தாளால் தேய்க்க வேண்டும். தூளைச் சுவாசிக்காமல் முகமூடி அணிவது அவசியம். தயாரிப்பாளர் குறித்த குறைந்தபட்ச அகலத்துக்குக் கீழே போக வேண்டாம். கை சிறிதென்றால் 30 மி.மீ. விட்டத்துக்கு மேற்படாத கிரிப் வாங்கலாம். தடித்த கிரிப்பைப் பிடித்தே முன்கை சோர்ந்துவிடும்.

பிரேக் லீவரில் ஒரு சிறு திருகு இருக்கிறது, லீவரைக் கைப்பிடிக்கு அருகே கொண்டுவர. எத்தனையோ சைக்கிள்களில் அது கடைசிவரை தொடப்படாமலேயே இருக்கிறது. இயல்பாகக் கைப்பிடியைப் பற்றியிருக்கும்போது ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பு லீவரின் நுனி வளைவில் படிய வேண்டும். அதற்கு லீவர் முழுவதையும் கிரிப்பிலிருந்து உள்ளே தள்ள வேண்டியிருக்கலாம். நுனியில் பிடித்தால்தான் குறைந்த பலத்தில் நிறுத்தலாம். திருகிய பிறகு லீவர் கைப்பிடியை முட்டுவதற்கு முன் பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். முட்டினால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது அல்லது பேட் தேய்ந்திருக்கிறது. விரல் பலம் குறைந்தவர் முன்பக்க டிஸ்க்கை 160லிருந்து 180 மி.மீ. ஆக்கினால் நீண்ட இறக்கத்தில் கை அவ்வளவு வலிக்காது. ஃபோர்க் அந்த அளவைத் தாங்குமா என்று பார்த்துக்கொண்டு, அடாப்டரும் சேர்த்து வாங்க வேண்டும்.

சஸ்பென்ஷனில்தான் எடை குறைந்தவர் அதிகம் ஏமாறுகிறார். உயரம் குறைந்தவர் பெரும்பாலும் எடையும் குறைந்தவர். ஆரம்பநிலை சைக்கிள்களில் உள்ள சுருள்கம்பி ஃபோர்க்கின் கம்பி நடுத்தர எடைக்கென்று தேர்ந்தது. 48 கிலோ உள்ளவருக்கு அது கிட்டத்தட்ட அசையாது. மேலே உள்ள குமிழைத் திருப்பினால் மென்மையாகும் என்று நம்பித் திருப்புகிறார்கள். அந்தக் குமிழ் கம்பியின் ஆரம்ப அழுத்தத்தை மட்டுமே மாற்றும், விறைப்பை மாற்றாது. மென்மையான கம்பி கிடைத்தால் மாற்றலாம். கிடைக்காவிட்டால், சுமையாக மட்டுமே இருக்கும் அந்த ஃபோர்க்குக்குப் பதிலாகக் காற்று ஃபோர்க் வாங்குவது கிராங்குக்கு அடுத்த நல்ல மாற்றம். சக்கர அளவு, ஃபோர்க் தண்டின் வகை, அச்சின் வகை, ஃபோர்க்கின் மொத்த உயரம் நான்கும் ஃப்ரேமுக்குப் பொருந்த வேண்டும். அமுங்கும் தூரம் அதிகமுள்ள ஃபோர்க் மீது ஆசை வேண்டாம், முன்பக்கம் ஏறும். இலகுவான உடலுக்கு 100 முதல் 120 மி.மீ. தாராளம்.

காற்று ஃபோர்க்கைச் சரிசெய்வது இப்படி. ஓட்டும்போது அணியும் எல்லாவற்றையும் அணிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு பெடல்மேல் நிற்க வேண்டும். ஃபோர்க்கின் காலில் உள்ள ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு, துள்ளாமல் இறங்கி, அது நகர்ந்த தூரத்தை அளக்க வேண்டும். 100 மி.மீ. ஃபோர்க்கில் 20 மி.மீ., பின் ஷாக்கின் ஓட்டம், அதாவது அது அமுங்கும் மொத்தத் தூரம், 45 மி.மீ. என்றால் 13 மி.மீ. வரை அமுங்கலாம். ஷாக் பம்பால் காற்று ஏற்றும்போது நடுநடுவே பத்துத் தடவை அமுக்கிவிட வேண்டும். அப்போதுதான் மேல் அறையிலும் கீழ் அறையிலும் காற்று சமமாகும். பிறகு ஒரு முழுப் பாதை ஓட்டியும் ஃபோர்க் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அமுங்கவில்லை என்றால், காற்றைக் குறைக்கும் முன் உள்ளே கன அளவைக் குறைக்கும் பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கின்றனவா என்று பார்த்து எடுத்துவிட வேண்டும். திரும்பி எழும் வேகத்துக்கான திருகு எடை குறைந்தவருக்கு அநேகமாக முழுவதும் திறந்த நிலையில்தான் வரும். காற்றழுத்தம் குறைவாக இருக்கும்போது மேலே தள்ளும் விசையும் குறைவு. திருகை மூடினால் ஃபோர்க் எழுவதற்குள் அடுத்த கல் வந்துவிடும், ஒவ்வொரு கல்லுக்கும் தாழ்ந்துகொண்டே போய்க் கடைசியில் கல்லாகிவிடும். முழுவதும் திறந்தும் மந்தமாகவே எழுந்தால், அந்த வேகத்தைக் கட்டுப்படுத்தும் டேம்பரில் மெல்லிய எண்ணெய் போடவோ உள்ளிருக்கும் தகடுகளைத் தளர்த்தவோ சர்வீஸ் செய்பவரிடம் கேட்கலாம். ஷாக்கின் நீளத்தையும் ஓட்டத்தையும் மட்டுமல்ல, ஓட்டுபவரின் எடையையும் அவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

டயரில் காற்று அதிகம் வைப்பதும் இதே வகைக் கோளாறு. 50 கிலோ உள்ளவர் 2.3 அங்குல டயரில் 35 பி.எஸ்.ஐ. வைத்து ஓட்டினால் டயர் கல்லின்மேல் துள்ளும், பிடிக்காது. டியூப் இல்லாத டயரில் முன்னால் 18, பின்னால் 20 அல்லது 21 என்று ஆரம்பித்து, ரிம் அடிபட்டால் ஒவ்வொன்றாக ஏற்றலாம். டியூப் இருந்தால் நான்கைந்து கூட்டிக்கொள்ள வேண்டும். கியருக்குச் சிறிய செயின்ரிங்கும் பின்னால் 50 அல்லது 51 பல் வரை உள்ள கேசட்டும் (பல்சக்கர அடுக்கு) போதும். 14 கிலோ சைக்கிள் 80 கிலோ உள்ளவருக்குத் தன் எடையில் 17.5 சதவீதம், 50 கிலோ உள்ளவருக்கு 28 சதவீதம் என்பதை நினைத்தால், பணத்தை ஃப்ரேமின் பெயருக்குக் கொடுப்பதைவிட எடை குறைந்த சக்கரத்துக்கும் டயருக்கும் கொடுப்பது புத்திசாலித்தனம். முக்கோணத்தில் தண்ணீர்ப் புட்டிக்கு இடம் இல்லாவிட்டால் பக்கவாட்டில் நுழைக்கும் தாங்கி இருக்கிறது. அதற்காக நல்ல ஃப்ரேமை விட வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது. லீவர் திருகு, டயர் காற்று, ஃபோர்க் காற்று, ஸ்பேசர் ஆகியவற்றுக்குச் செலவே இல்லை. அவற்றை முதலில் செய்து சில நாள் ஓட்ட வேண்டும். பிறகு கிராங்கும் செயின்ரிங்கும். சீட் உயரம் அப்போது மாறிவிடும் என்பதால் டிராப்பர் அதற்குப் பின்னால்தான். ஹேண்டில்பாரை வெட்டுவது கடைசி.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். சைக்கிள் மதிப்புரைகளில் சோதித்துப் பார்ப்பது பெரும்பாலும் மீடியம் அல்லது லார்ஜ் அளவைத்தான். அதில் தவறில்லை. ஆனால் அந்த மாடலின் மிகச் சிறிய அளவுக்கு ஸ்டாண்ட்ஓவர் எவ்வளவு, சீட் டியூப் நீளம் எவ்வளவு, கிராங்க் எத்தனை மி.மீ., ஃபோர்க்குக்குத் தயாரிப்பாளர் சொல்லும் மிகக் குறைந்த ஓட்டுநர் எடை எவ்வளவு என்ற நான்கு எண்களையும் மதிப்புரையின் கீழே அச்சிட முடியும். தயாரிப்பாளர் தராவிட்டால் தரவில்லை என்றே அச்சிடலாம். அளவு அட்டவணையைவிட அந்த நான்கு எண்கள் 150 செ.மீ. உயரமுள்ள வாசகருக்கு அதிகம் உதவும்.

இப்படிக்கு,
சைக்கிள் மெக்கானிக் ஒருவர்